வாக்ஸா, பட்டனா, கம்பியா? ஸ்க்வெல்ச்சை எங்கே நிறுத்துவது?

கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுக்கு அடியில் இறங்கி புரொப்பல்லரில் சுற்றிய வலையை அறுக்கிறவர்களும் சரி, பாண்டிச்சேரியில் டைவிங் சொல்லிக்கொடுக்கிறவர்களும் சரி, என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். "அண்ணே, முழுமுக மாஸ்க் வாங்கியாச்சு, பேசுற செட்டும் வாங்கியாச்சு. வாக்ஸ்ல வைக்கவா, பட்டன்ல வைக்கவா? இந்த ஸ்க்வெல்ச்சை எவ்வளவு திருகணும்?" நான் பதிலுக்கு, யார் இறங்குகிறார், எங்கே, கூட எத்தனை பேர் என்று கேட்பேன். உடனே அவர்கள் முகம் சுருங்கிவிடும், நேராகப் பதில் சொல்லாமல் சுற்றி வளைக்கிறேன் என்று. ஆனால் அந்த மூன்றும் தெரியாமல் சொல்லும் பதில் ஒருவருக்கு உதவும், இன்னொருவரைக் கடலுக்கடியில் தனியாக விட்டுவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். வாக்ஸ் என்றால் நீங்கள் வாய் திறந்ததும் செட் தானாகவே அனுப்பத் தொடங்குவது. பட்டன் முறையில் அமுக்கினால்தான் போகும். ஸ்க்வெல்ச் என்பது கேட்கும் பக்கத்தில் இருக்கும் கதவு: குரல் மாதிரி ஏதாவது வந்தால் திறக்கும், வெறும் இரைச்சல் என்றால் மூடியிருக்கும். வாக்ஸும் ஸ்க்வெல்ச்சும் ஒன்றுதான் என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய பேர். ஒன்று அனுப்பும் பக்கம், மற்றது கேட்கும் பக்கம், இரண்டையும் தனித்தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் நான்கு விஷயம் பார்ப்பேன். இறங்குகிறவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்குமா? ஒரே சேனலில் எத்தனை பேர்? அந்த இடத்துத் தண்ணீர் எவ்வளவு இரைச்சலானது?

நான்காவதுதான் எனக்கு மற்ற மூன்றையும் விடப் பெரியது. கீழேயிருந்து சத்தமே வரவில்லை என்றால், அது என்ன அமைதி என்று மேலே இருப்பவருக்குத் தெரியுமா? அவர் பேசாமல் வேலை செய்கிறாரா, பேசியும் நமக்கு வரவில்லையா, மயங்கிவிட்டாரா? செட் வாங்கப் போகும்போது எல்லோரும் எவ்வளவு தூரம் பேசலாம் என்று கேட்கிறார்கள். அமைதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

## வாக்ஸ்

கை விடுபட்டிருக்கும். அதுதான் இதன் பலம், அது சின்ன விஷயமும் இல்லை. புரொப்பல்லர் தண்டில் நைலான் வலை சுற்றி, சுழன்ற சூட்டில் உருகி, கல் மாதிரி இறுகிப்போயிருக்கும். ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தி போட வேண்டும். அந்த நிலையில் பட்டனைத் தேடு என்று யாரிடமும் சொல்ல முடியாது.

இதில் மறைந்திருக்கும் செலவு மூச்சு. மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர், இழுக்கும்போது சீறும், விடும்போது குமிழிகள் கன்னத்துப் பக்கம் கடகடவென்று போகும். மைக்குக்கு அதுவும் ஒரு குரல்தான். வாக்ஸ் உணர்திறன் கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் செட் அனுப்பத் தொடங்கும். கம்பியில்லா செட்டில் ஒரு நேரத்தில் பேசலாம் அல்லது கேட்கலாம், இரண்டும் சேர்ந்து நடக்காது. அப்படியென்றால் மூச்சு போய்க்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவர் காது அடைபட்டிருக்கிறது. நீங்கள் மேலேயிருந்து "ஏறி வா" என்று சொல்வது அவர் மூச்சு விடும் நேரமாக அமைந்துவிட்டால் போச்சு. பேட்டரியும் கரையும், அனுப்பும்போதுதான் செட் அதிகம் தின்னும்.

அதற்காக உணர்திறனை ரொம்பக் குறைத்தால், களைத்தவர் மெதுவாகச் சொல்வது போகாது. மனிதர் குரல் தாழ்வது பெரும்பாலும் உதவி தேவைப்படும் நேரத்தில்தான்.

இதைச் சரிசெய்ய ஒரே வழி தண்ணீருக்குள் வைத்துச் சரிசெய்வது. படகில் உட்கார்ந்து "ஹலோ ஹலோ, ஒன்று இரண்டு" என்று பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் அங்கே குமிழியே கிடையாது. மூன்று மீட்டர் இறங்கி, ஏணியைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகப் பத்து மூச்சு விடட்டும். மூச்சுக்குச் செட் திறக்கும் அளவு வரை உணர்திறனை ஏற்றி, அங்கிருந்து ஒரு படி இறக்குங்கள். அப்புறம் வேலை செய்வது போல வேகமாக மூச்சு வாங்கச் சொல்லி மறுபடி பாருங்கள், முதலில் சரியாகத் தெரிந்த இடம் இப்போது சரியாக இருக்காது. மைக் உதட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது எந்தத் திருகையும் விட அதிக வித்தியாசம் காட்டும். அதனால் மாஸ்க் மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள்.

வாக்ஸ் திறக்க ஒரு நொடியில் சின்னப் பங்கு எடுக்கும், அதில் முதல் அசை விழுங்கப்படும். இதற்குப் பெயர் சொல்லித் தொடங்குவது நல்ல பழக்கம். "அண்ணே, கயிறைத் தளர்த்துங்க" என்றால் அண்ணே போனாலும் பரவாயில்லை.

முதல் அசை போவதைப் பற்றித்தான் செட்டோடு வரும் கையேடுகள் எச்சரிக்கும். தமிழில் பேசுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து கடைசி அசை. நம் மொழியில் மறுப்பு வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. இழு, இழுக்காதே. விடு, விடாதே. நம் பேச்சில் வேணும், வேணாம் இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான். பேசி முடித்தபின் வாக்ஸ் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதற்கு ஓர் அமைப்பு பல செட்களில் உண்டு. அதைக் குறைவாக வைத்து, டைவரும் வாக்கியத்தின் கடைசியில் மூச்சுத் தீர்ந்து குரலை இறக்கினால், "கயிறை இழுக்காதே" என்பது மேலே "கயிறை இழு…" என்று வந்து நிற்கும். இது கற்பனை இல்லை, நான் காதால் கேட்டிருக்கிறேன். அதனால் எங்கள் படகில் மறுப்புச் சொற்களையே எடுத்துவிட்டோம். "நிறுத்து", "தளர்த்து", "இழு", "மேலே", இந்த நாலும் ஒன்றோடொன்று குழம்பாது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்வது, மேலே இருப்பவர் திருப்பிச் சொல்வது, அதற்கப்புறம்தான் கயிற்றில் கை வைப்பது. வாக்ஸ் திறந்திருக்கும் நேரத்தை ஒரு நொடிக்குப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே டைவர் என்றால் கொஞ்சம் கூட இருந்தாலும் தவறில்லை.

ஒரே டைவர் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூச்சுக்கே வாக்ஸ் திறக்கட்டும் என்று வேண்டுமென்றே வைப்பவர்கள் உண்டு. காது அடைபடும் குறை இருந்தாலும், மேலே இருப்பவருக்கு ஒவ்வொரு சில நொடிக்கும் "உயிரோடு இருக்கிறார், நிதானமாக மூச்சு விடுகிறார்" என்ற செய்தி வந்துகொண்டே இருக்கும். மூச்சு வேகமெடுத்தால் அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒருவர் மட்டும் இறங்கும்போது இதை நான் குறையாக நினைப்பதில்லை. இரண்டு பேர் இறங்கிவிட்டால் இதே அமைப்பு சேனலை அடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் ஊமையாக்கிவிடும்.

## பட்டன்

இரண்டு பேருக்கு மேல் தண்ணீரில் இருந்தால் பட்டன்தான். விவாதமே வேண்டாம்.

பாண்டிச்சேரி வகுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டரில், 18 மீட்டர் ஆழத்தில் இருக்கும் செயற்கைப் பாரான (கடலடித் திட்டான) டெம்பிள் ரீஃபுக்கு ஆசிரியர் மூன்று மாணவர்களோடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக இறங்குகிறவர்கள் படபடப்பில் வேகமாக மூச்சு விடுவார்கள். நான்கு செட்டும் வாக்ஸில் இருந்தால் சேனல் முழுக்கக் குமிழிச் சத்தம்தான் ஓடும், ஆசிரியர் சொல்லும் ஒரு வார்த்தை எடுபடாது. ஆசிரியர் பட்டனில் பேச, மாணவர்கள் கேட்க மட்டும் வைத்துக்கொண்டால் வகுப்பு நடக்கும். அவர்கள் பதிலைக் கையால் காட்டட்டும், அந்தச் சைகைகளைக் கற்பதும் பாடத்தில் உண்டுதானே.

பட்டனின் மறைமுகச் செலவு பழக்கம். பதறுகிறவர் இரண்டில் ஒன்று செய்வார்: பட்டனை மறந்து மாஸ்க்குக்குள் கத்துவார், அல்லது பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். இரண்டாவதில் அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும், யார் சொல்வதும் அவருக்குக் கேட்காது. ஒருமுறை அமுக்கினால் தொடர்ந்து அனுப்பும் பூட்டு அமைப்பு உள்ள செட்களில், அது தெரியாமல் விழுந்துவிட்டதா என்பதை இறங்குமுன் பார்த்தே ஆக வேண்டும். அமுக்கி, ஒரு நொடி பொறுத்து, பேசி, இன்னொரு நொடி பொறுத்து விடுவதைக் கரையிலேயே பத்து தடவை செய்ய வையுங்கள். கடைசிச் சொல்லோடு சேர்த்து விரலை எடுத்தால், அந்த "ஆதே" மறுபடியும் கடலிலேயே தங்கிவிடும்.

## கம்பி

கயிற்றோடு சேர்ந்து போகும் கம்பியில் பேசுவது பழைய முறை, அதனாலேயே பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இரண்டு கம்பி அமைப்பில் டைவரின் மைக் எப்போதும் திறந்தே இருக்கும், மேலே இருப்பவர் மட்டும் பேச வேண்டியபோது பட்டனை அமுக்குவார். நான்கு கம்பியில் இரண்டு பக்கமும் தொலைபேசி மாதிரி ஒரே நேரத்தில் பேசலாம். வாக்ஸ் சண்டையும் இல்லை, ஸ்க்வெல்ச் சண்டையும் இல்லை, மூச்சு முழுக்க மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். என் நான்காவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறு எந்த முறையிலும் கிடையாது.

செலவு வேறு மாதிரி வரும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கும்போது கம்பி பாய் மாதிரி தண்ணீரைப் பிடித்து டைவரையும் இழுக்கும். ஒவ்வொரு டைவருக்கும் மேலே ஓர் ஆள் வேண்டும். கனெக்டரை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காவிட்டால் உப்பு தின்றுவிடும், அப்புறம் கரகரப்பு எங்கேயிருந்து வருகிறது என்று தேடியே ஒரு நாள் போகும். பாரைச் சுற்றி நீந்திப் பார்க்கும் வேலைக்கு இது ஆகாது.

ஆனால் கடலூர் துறைமுகத்துக்குள், கடிலமும் பரவனாறும் கொண்டுவந்து கொட்டும் சேற்றில், கையை நீட்டினால் கை தெரியாத தண்ணீரில், டைவர் எப்படியும் கயிற்றில்தான் இறங்குகிறார். இறங்கும் அந்தக் கயிற்றிலேயே ஒரு கம்பியையும் சேர்த்துவிட்டால் என்ன? கப்பலடி வேலையும் துறைமுகத் தூண் வேலையும் பிழைப்பாகச் செய்கிறவர்கள் கம்பியில்லா செட் வாங்கும் முன் இதை யோசியுங்கள்.

## ஸ்க்வெல்ச்: மேலே ஒன்று, கீழே ஒன்று

இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. படகில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோ செட்டில் எல்லோருக்கும் நல்ல பழக்கம்: ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல் நிற்கும் வரை திருகு, அதைவிடக் கொஞ்சம் கூடத் திருகு, அவ்வளவுதான். அது எஃப்எம். எதிரே ஒருவர் பட்டனை அமுக்கியதும் அவர் பேசாவிட்டாலும் சுமப்பலை, அதாவது பேச்சைச் சுமந்து வரும் அலை, வந்து விழும், இரைச்சல் தானாக அடங்கும். ஸ்க்வெல்ச்சுக்குத் திறக்கவா மூடவா என்பதில் சந்தேகமே வராது.

தண்ணீருக்கடியில் ரேடியோ போகாது, உப்பு நீர் அதைக் குடித்துவிடும். அதனால் அங்கே பேச்சு மீயொலியாக, அதாவது காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியாக, போகிறது. டைவர்கள் பரவலாக வைத்திருக்கும் செட்களில் 32.768 கிலோஹெர்ட்ஸ், கைக்கடிகாரத்துக் குவார்ட்ஸ் படிகத்தின் அதே எண். அதுவும் ஒற்றைப் பக்கப்பட்டை முறை, சுமப்பலை கிடையாது. பேசினால் அலை, பேசாவிட்டால் ஒன்றுமில்லை. இந்த முறையில் ஸ்க்வெல்ச் வருகிற சத்தத்தின் அளவையும் ஏற்ற இறக்கத்தையும் பார்த்து, இது குரலாக இருக்கும் என்று ஊகிக்க மட்டுமே முடியும். தூரத்திலிருந்து மெலிதாக வரும் குரலும் கடலின் இரைச்சலும் அதற்கு ஒன்று போலத்தான் தெரியும். விஎச்எஃப் பழக்கத்தில் இறுக்கினால் முதலில் காணாமல் போவது அந்த மெல்லிய குரல்தான்.

நம் கடல் இரைச்சலான கடல். வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில், பார்களிலும் தூண்களிலும் ஒரு சின்ன இறால் வகை கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். காதில் வைத்தால் சூடான எண்ணெயில் கடுகு பொரிவது போலவே இருக்கும். அந்தச் சொடுக்கு நம் காதுக்கு எட்டும் அளவையும் தாண்டி, செட் வேலை செய்யும் அலைவரிசையிலும் நிறைந்திருக்கும். பக்கத்து விசைப்படகில் ஆழம் பார்க்கும் 28 அல்லது 38 கிலோஹெர்ட்ஸ் எக்கோ சவுண்டர் ஓடினால் டிக் டிக் என்று அதுவும் சேரும். படகு எஞ்சினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்படித்தான் ஒருநாள் உப்பனாற்றோரம் கட்டியிருந்த விசைப்படகு ஒன்றுக்கு அடியில் எங்கள் பையன் ஒருவன் வலை அறுத்துக்கொண்டிருந்தான். கம்பியில்லா செட், மேலே நான். பக்கத்துப் படகின் எக்கோ சவுண்டர் காதைக் குடைந்தது, ஸ்க்வெல்ச்சை ஏற்றினேன். டிக் டிக் நின்றது, நிம்மதியாக இருந்தது. அஞ்சு நிமிடம் சத்தமில்லை, பையன் வேலையில் மும்முரமாக இருக்கிறான் என்று நினைத்தேன். அப்போது கையிலிருந்த கயிறு இரண்டு தடவை வெடுக்கென்று இழுபட்டது, தளர்த்தச் சொல்லி. தளர்த்தினேன். மேலே வந்தவன் மாஸ்க்கைக் கழற்றி, "ஏழெட்டு தடவை கூப்பிட்டேண்ணே" என்றான். கயிறு சுக்கானில் மாட்டியிருக்கிறது, ஒரு கையால் அதை விடுவிக்கப் பார்த்ததில் படகடியில் ஒட்டி வளரும் கூரான கொட்டலசு கிழித்து கையுறையின் இரண்டு விரல் நுனி இல்லை, உள்ளே ரத்தம். நான் கேட்டுக்கொண்டிருந்த நிம்மதி முழுக்க அவன் கூப்பிட்ட நேரம்.

அன்றிலிருந்து மேலே இருக்கும் செட்டில் ஸ்க்வெல்ச்சைத் திறந்தே வைக்கிறேன், அல்லது திறந்ததற்கு ஒரு படி மேல். இரைச்சல் கேட்பதிலும் ஒரு பயன் உண்டு: செட்டுக்கு உயிர் இருக்கிறது, ஒலியை அனுப்பவும் வாங்கவும் தண்ணீரில் தொங்கும் டிரான்ஸ்டியூசர் அறுந்துபோகவில்லை என்று தெரியும். இதன் விலை மேலே இருப்பவரின் காது. இருபது நிமிடம் கடுகுப் பொரியலைக் கேட்டால் யாருக்கும் ஹெட்போனைக் கழற்றத் தோன்றும், கழற்றினால் எல்லாம் போச்சு. அதனால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது ஸ்பீக்கரில் போட்டு சத்த அளவைக் குறையுங்கள். சத்த அளவைக் குறைப்பது வேறு, ஸ்க்வெல்ச்சை இறுக்குவது வேறு. குறைந்த சத்தத்தில் மெல்லிய குரல் மெல்லியதாகவாவது வரும், இறுக்கிய ஸ்க்வெல்ச்சில் வரவே வராது. டிரான்ஸ்டியூசரை எஞ்சினிலிருந்து தள்ளி, படகின் அடிப்பாகத்துக்கும் கீழே நாலைந்து மீட்டர் இறக்கிக் கட்டினால் பாதி இரைச்சல் அங்கேயே குறைந்துவிடும்.

கீழே இருப்பவருக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். அவர் தன் ரெகுலேட்டர் சத்தத்தைக் கேட்க வேண்டும், தலைக்கு மேல் படகு வருவதைக் கேட்க வேண்டும். காதுக்குள் ஓயாமல் இரைச்சல் ஓடினால் அதெல்லாம் மறைந்துபோகும், சீக்கிரம் களைப்பும் வரும். அவருக்கு ஸ்க்வெல்ச் நடு அளவில் இருக்கட்டும். மேலேயிருந்து அனுப்பும் செட்டின் சக்தி கூடுதலாக இருந்தால் இது தாங்கும்.

அளவு பார்க்கும் இடத்தையும் கவனியுங்கள். படகுக்குப் பக்கத்தில் ஐந்து மீட்டரில் நின்று பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு அவர் போகப்போகும் கடைசித் தூரத்துக்குப் போய், படகுக்கு முதுகைக் காட்டி, தாழ்ந்த குரலில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணட்டும். உடம்பும் டாங்கும் மீயொலியை மறைக்கும் என்பதால் முதுகு காட்டுவது முக்கியம். பத்தில் எட்டு எண்ணாவது வரும்வரை மேலே ஸ்க்வெல்ச்சைத் திறந்துகொண்டே வாருங்கள்.

## எந்த வேலைக்கு எதை எடுப்பேன்

துறைமுகத்துக்குள் ஒரே டைவர், கலங்கல், இரண்டு கையிலும் வேலை: கம்பி. கம்பி இல்லையென்றால் வாக்ஸ், மூச்சு கேட்டாலும் பரவாயில்லை, மேலே ஸ்க்வெல்ச் திறந்து.

பாரில் சிக்கிய கைவிட்ட வலையை இரண்டு பேர் சேர்ந்து எடுக்கும் வேலைதான் உண்மையிலேயே கஷ்டமானது, ஏனென்றால் கைக்கு வேலையும் இருக்கிறது, சேனலில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். நான் அறுக்கிறவரைப் பட்டனிலும், பக்கத்தில் நின்று வலையைப் பிடித்துக் கவனிப்பவரை மேலே இருப்பவரோடு பேசும் ஆளாகவும் வைப்பேன். அறுக்கிறவர் பேச வேண்டுமென்றால் கத்தியை உறையில் போட்டுவிட்டுப் பேசட்டும், அந்த இடைவெளி நல்லதுதான். பட்டன் கம்பி வலைக்கண்ணில் மாட்டாமல் மார்போடு ஒட்டிக் கட்டியிருக்க வேண்டும்.

வகுப்புக்குப் பட்டன். மழைக்காலம் முடிந்த கையோடு இறங்குகிறவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். ஆற்று நீர் மேலே ஓர் அடுக்காக மிதக்கும், அந்த அடுக்கின் எல்லையில் மீயொலி வளைந்து விலகிப்போகும். நேற்று கேட்ட தூரம் இன்று கேட்காது. ஸ்க்வெல்ச்சோடு மல்லுக்கட்டாமல் டிரான்ஸ்டியூசரை அந்த அடுக்குக்குக் கீழே இறக்கிப் பாருங்கள்.

எந்த முறையை எடுத்தாலும், அமைதிக்கு என்ன பொருள் என்று இறங்குமுன் பேசிவையுங்கள். எங்கள் கணக்கு இது: மூன்று நிமிடம் சத்தமில்லை என்றால் மேலேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். இரண்டு தடவை பதில் இல்லையென்றால் கயிற்றில் ஓர் இழுப்பு, நலமா என்று. கீழேயிருந்து ஓர் இழுப்பு திரும்பி வந்தால் நலம், இரண்டு வந்தால் தளர்த்து, மூன்று வந்தால் தளர்வை எடு, நான்கு வந்தால் மேலே தூக்கு. ஒன்றுமே வரவில்லையென்றால் செட்டைத் தொட வேண்டாம், தயாராக உட்கார்ந்திருக்கும் இரண்டாவது டைவர் இறங்க வேண்டும். கயிறில்லாமல் நீந்துகிறவர்கள் பேச்சு அறுந்தால் எந்த நங்கூரக் கயிற்றடியில் சந்திப்பது, எத்தனை நிமிடம் காத்திருந்துவிட்டு மேலே வருவது என்று படகிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.